பங்காருபாளையம்: ஒரு பெயரும் இரு குறியீட்டு அட்டவணைகளும்

சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் பங்காருபாளையம். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத்தின் தலைமையிடமாக இவ்வூர் விளங்குகிறது. சித்தூர்ப் பகுதிப் பாளையக்காரர் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிவந்தபோதும் தமிழும் தெலுங்கும் இப்பகுதியில் அடுத்தடுத்தே வழங்கி வந்துள்ளன. ஓர் ஊர்ப்பெயர் இரு எழுத்துகளில் எழுதப்படுவதும், ஒரே குடும்பத்தின் ஆவணங்கள் இரு மாநில அலுவலகங்களில் இரு வடிவங்களில் இருப்பதும் இங்கு வியப்புக்குரியன அல்ல.

முன்பு இத்தகைய பெயரை ஓர் எழுத்திலிருந்து மற்றோர் எழுத்துக்கு மாற்றியவர் இரு மொழியும் அறிந்த எழுத்தர் ஆவார். இன்று அப்பணியின் பெரும்பகுதியைக் கணினி நிரல்கள் மேற்கொள்கின்றன. அந்நிரல்கள் எதை அறியும், எதை அறியா என்பதைக் காட்டுவதற்கு மிகப் பொருத்தமான சான்றாகப் பங்காருபாளையம் என்னும் பெயரே அமைந்துள்ளது.

பெயரின் ஒலியமைப்பு

'பங்காரு' என்பது பொன் என்னும் பொருளுடைய தெலுங்குச் சொல். தஞ்சையில் கோயில் கொண்டுள்ள பங்காரு காமாட்சி, மதுரை நாயக்கர் வரலாற்றின் இறுதிப் பகுதியில் வரும் பங்காரு திருமலை நாயக்கர் ஆகிய பெயர்களின் வழியாகத் தமிழருக்கும் இச்சொல் பழக்கமானது. 'பாளையம்' என்பது படை தங்குமிடத்தையும் பாளையக்காரரின் ஆட்சிப் பகுதியையும் குறிக்கும். தெலுங்கில் இது 'பாளெம்', 'பாள்யம்' எனவும் வழங்கும். தமிழின் ளகர ஐகாரம் தெலுங்கில் ஒரு வடிவில் எகரமாகக் குறுகியும், மற்றொரு வடிவில் முற்றிலும் தேய்ந்தும் காணப்படுகிறது.

வடமொழி வருக்க எழுத்துகளைத் தமிழில் காட்ட மேலெண் இடும் அச்சு வழக்கத்தைக் கொண்டு தெலுங்கு வடிவத்தை எழுதினால் அது ப³ங்க³ாருபாள்யம் என அமையும். முதல் பகரம் மூன்றாம் வருக்கத்து மெல்லொலி, அதாவது அதிர்வொலி. ககரமும் அவ்வாறே. 'பாள்யம்' என்பதன் முதலெழுத்தோ அதிர்வற்ற வல்லொலி.

தமிழ் வல்லெழுத்துகள் இடத்திற்கேற்ப ஒலிக்கும் முறையைக் கால்டுவெல் தம் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தில் விரிவாக விளக்கினார். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி. மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கு இடையிலும் அதிர்வொலி என்பது அவர் கூற்றின் சாரம். இவ்விதியைப் பங்காருபாளையத்தின் மூன்று வல்லெழுத்துகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஙகர மெய்யை அடுத்த ககரம் விதிப்படியே அதிர்வொலி பெறுகிறது. முதற் பகரமோ விதிப்படி வல்லொலியாக இருத்தல் வேண்டும். வழக்கில் அது அதிர்வொலி. இரண்டாம் பகரம் இரு உயிர்களுக்கு இடையில் நிற்பதால் அதிர்வொலியாதல் வேண்டும். வழக்கில் அது வல்லொலி. ஒரே எழுத்து ஒரே பெயரில் இரு முறை வந்து, இரு முறையும் விதிக்கு நேர்மாறாக ஒலிக்கிறது.

காரணம் தெளிவானது. முதற்சொல் தெலுங்கிலிருந்து வந்தது. இரண்டாவது பகரம் எழுத்தளவில் இடையெழுத்தாக நின்றாலும் சொல்லளவில் நிலைமொழிக்குப் பின் வரும் வருமொழியின் முதலெழுத்து. மேட்டுப்பாளையம் என்பதில் ஒற்று மிகுந்து அவ்வல்லொலியை எழுத்திலேயே காட்டிவிடுகிறது. கோபிசெட்டிபாளையம் என ஒற்று மிகாமல் எழுதும் வழக்கில் அக்குறிப்பு இல்லை. எனினும் படிப்பவர் 'பாளையம்' என்னும் சொல்லை அறிந்திருப்பதால் வல்லொலியாகவே படிக்கிறார். அப்பெயரிலும் முதலெழுத்தாகிய ககரம் அதிர்வொலியே என்பது நோக்கத்தக்கது. எனவே இச்சிக்கல் ஆந்திர எல்லைக்கு மட்டும் உரியதன்று. கொங்கு நாட்டிலும் உண்டு.

128 என்னும் இடைவெளி

இனி இப்பெயர் கணினிக்குள் எவ்வாறு உறைகிறது என்பதைக் காணலாம். ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. ஒருங்குறி ஆவணங்கள் இவ்வெண்களைப் பதினாறடிமான முறையில் அச்சிடும். இங்கு எளிமை கருதிப் பதின்ம எண்களே தரப்படுகின்றன. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலும், தெலுங்குக்கு அதனை அடுத்து 3072 முதல் 3199 வரையிலும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இரண்டும் 128 இடங்கள் கொண்டவை. தமிழ்ப் பகரத்தின் குறியெண் 2986. தெலுங்குப் பகரத்தின் குறியெண் 3114. தமிழ் ளகரம் 2995. தெலுங்கு ளகரம் 3123. எந்த இணையை எடுத்துக்கொண்டாலும் வேறுபாடு 128ஆகவே இருக்கும்.

இவ்வொழுங்கு தற்செயலானதன்று. 1980களில் இந்திய அரசின் மின்னணுவியல் துறையும், பின்னர்ப் புனேயில் அமைந்த சி-டாக் நிறுவனமும் பிராமி வழிவந்த எழுத்துகள் அனைத்திற்கும் பொதுவான ஒரே குறியீட்டு அட்டவணையை வளர்த்தெடுத்தன. இஸ்கி எனப்படும் அவ்வட்டவணையில் எண் ஒலியைக் குறிக்கும். எந்த எழுத்தில் காட்டுவது என்பது தனியாக முடிவு செய்யப்படும். அதே பாடத்தைத் தேவநாகரியிலும் தெலுங்கிலும் திரையில் மாற்றிக் காட்ட இயலும் என்பது அதன் பெருமையாகக் கருதப்பட்டது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணில் அதனைத் தரப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. ஒரே அட்டவணையை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படியாகப் பெருக்கி அடுத்தடுத்து வைத்தது.

அவ்வட்டவணைக்கு அளவுகோலாக அமைந்தது வடமொழியின் வருக்க வரிசை. ககர வரிசையில் ஐந்து இடங்கள். தமிழுக்கு முதலும் இறுதியும் மட்டுமே நிரம்பும். 2965 ககரம், 2969 ஙகரம். இடைப்பட்ட மூன்றும் வெற்றிடங்கள். சகர வரிசையில் கிரந்த ஜகரம் 2972இல் அமர்ந்திருப்பதால் வெற்றிடங்கள் இரண்டு. ஐந்து வருக்கங்களிலும் மொத்தம் 14 வெற்றிடங்கள். தமிழில் இல்லாத எழுத்துக்கு இடம் விடப்பட்டதைக் கண்டு தமிழ் குறையுடையது என்று கருதுவோரும், தமிழுக்கு இழுக்கு நேர்ந்தது என்று வருந்துவோரும் உளர். இரண்டும் மிகை. வெற்றிடம் என்பது அளவுகோலின் இயல்பேயன்றி அளக்கப்பட்ட பொருளின் குறையன்று. ஆனால் வேறொரு விந்தை அங்கு உண்டு. 2946ஆம் இடத்தில் தமிழ் அனுசுவாரம் என்று ஒரு குறி இடம்பெற்றுள்ளது. அது தமிழில் பயன்படுவதில்லை என்று ஒருங்குறி அட்டவணையே அதன் அருகில் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறது. ஒரு மொழியில் வழங்காத எழுத்து அம்மொழியின் பெயரைத் தாங்கி நிற்பது, அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று.

கூட்டலும் கழித்தலும்

இரு அட்டவணைகளும் இணையாக உள்ளமையால் தமிழைத் தெலுங்கு எழுத்துக்கு மாற்றுவது நிரலருக்கு ஒரு வரிக் கணக்கு. ஒவ்வொரு குறியெண்ணோடும் 128ஐக் கூட்டினால் போதும். தெலுங்கிலிருந்து தமிழுக்கு 128ஐக் கழிக்க வேண்டும்.

பங்காருபாளையத்தை இவ்வாறு கூட்டினால் கிடைக்கும் தெலுங்கு வடிவத்தில் எல்லா எழுத்துகளும் உள்ளன. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஆனால் அதன் முதற்பகுதியைத் தெலுங்கர் அதிர்வற்ற பகரமும் அதிர்வற்ற ககரமும் கொண்டதாகப் படிப்பார். தெலுங்கிலும் வழங்கும் வடசொல்லாகிய 'பங்கம்' சேற்றைக் குறிக்கும். தமிழர் அறிந்த 'பங்கஜம்' என்னும் சொல்லின் முதற்பகுதி அதுவே. பொன்னூர் சேற்றூர் போல் ஒலிக்கும் நிலை இது. மேலும், தெலுங்கில் வழக்கமாக அனுசுவாரத்தால் எழுதப்படும் மெல்லொலிகள் இங்கு ஙகர மெய்யாகவும் மகர மெய்யாகவும் வந்து நிற்கும். படிக்கலாம், ஆயின் எவரும் அவ்வாறு எழுதுவதில்லை.

கழித்தலின் விளைவு வேறு. தெலுங்கின் அதிர்வுப் பகரம் 3116. அதிலிருந்து 128 போக 2988. தமிழில் அது வெற்றிடம். அதிர்வுக் ககரம் 3095; கழித்தபின் 2967; அதுவும் வெற்றிடம். அனுசுவாரமோ மேற்சொன்ன வழங்காத குறியாக மாறும். ஆகவே திரையில் இரண்டு வெற்றுக் கட்டங்களும், இரண்டு இடங்களில் பொருளற்ற ஒரு குறியும், இடையில் 'ருபாள்ய' என்னும் எச்சமும் தோன்றும். கூட்டலில் பிழை மறைந்து நிற்கிறது. கழித்தலில் வெளிப்படையாகத் தெரிகிறது. மொழிபெயர்ப்பாளர்க்குக் கேடு விளைவிப்பது முன்னதே.

வெளிப்படையான பிழையை நிரலர்கள் பலகாலமாகத் திருத்தி வந்துள்ளனர். அனூப் குஞ்சுக்குட்டன் உருவாக்கிய இந்திய மொழிச் செயலாக்க நிரலகம் ஆய்வாளரிடையே பெரிதும் பயன்பாட்டில் உள்ளது. அதன் எழுத்துப்பெயர்ப்புப் பகுதி இவ்விணை அட்டவணை முறையையே அடிப்படையாகக் கொண்டது. அதற்குள் தமிழுக்கென்றே ஒரு சிறு சார்பு எழுதப்பட்டுள்ளது. வருக்க எழுத்தின் இட எண்ணை ஐந்தால் வகுத்து, ஈவைக் கொண்டு அவ்வருக்கத்தின் முதலெழுத்தைக் கண்டறிந்து, இடையில் உள்ள மூன்றையும் அதற்கு மாற்றிவிடுவது அதன் வேலை. ஜகரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பகர வரிசை தனியாகக் கூறப்படுகிறது. ஏனெனில் அட்டவணையில் நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையே தமிழின் றன்னகரம் புகுந்து ஐந்தின் கணக்கைக் கலைத்துவிடுகிறது. வேற்றெழுத்து நீக்கித் தமிழ் எழுத்தாக்கும் பண்டைய தற்பவ நெறியின் ஒரு கூறு இங்கு வகுத்தற் கணக்காக வடிவெடுத்திருப்பதைக் காண்கிறோம். ஐசியு எனப்படும் வேறொரு பரவலான நிரலகம், எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொதுவான இடைநிலை அட்டவணை ஒன்றின் வழியாக இதனையொத்த மாற்றத்தைச் செய்கிறது.

இத்திருத்தம் ஒரு திசைக்கு மட்டுமே உரியது. மூன்று எழுத்துகளை ஒன்றாக்கலாம். ஒன்றை மூன்றாகப் பிரிக்க எந்த வகுத்தற் கணக்கும் உதவாது. கால்டுவெல் விதியை நிரலாக்கினால் ஓரளவு தேறலாம். நகரி, புத்தூர், குப்பம் போன்ற சித்தூர், திருப்பதி வட்டாரப் பெயர்களை அவ்விதி செவ்வையாகத் தெலுங்காக்கும். பங்காருபாளையத்தை மாற்றும்போதோ ககரம் ஒன்றே சரியாகும். இரு பகரங்களும் இடம்மாறித் தவறாகும். விதி இல்லாதபோது ஒரு பகரமாவது, அதாவது பாளையத்தின் பகரம், சரியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒற்றும் ஓசையும்

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் திசையில் வேறொரு சிக்கல் தலைப்படுகிறது. அது அட்டவணையின் வெற்றிடங்களோடு தொடர்பற்றது. திருப்பதி என்று தமிழில் ஒற்றிட்டு எழுதும் பெயர் தெலுங்கில் ஒற்றைப் பகரத்தோடு 'திருபதி' என எழுதப்படுகிறது. தெலுங்கில் வல்லொலிக்கும் அதிர்வொலிக்கும் தனித்தனி எழுத்துண்டு. ஆகவே ஒற்றைப் பகரமே வல்லொலியைக் காட்டப் போதும். தமிழிலோ இரட்டித்தால்தான் இடையில் வல்லொலி நிலைக்கும்.

விநாயகர் கோயிலால் புகழ்பெற்ற காணிப்பாக்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தெலுங்கில் அது 'காணிபாகம்' என்பதற்கு ஈடான எழுத்துகளால், இரு வல்லொலிகளோடு எழுதப்படுகிறது. குறியெண் கணக்கால் மாற்றி அனுசுவாரத்தை மகர மெய்யாகத் திருத்தினாலும் தமிழில் கிடைப்பது 'காணிபாகம்'. எழுத்துப் பிழை சிறிதும் இல்லாத இவ்வடிவத்தைத் தமிழர் அதிர்வொலியோடு படிப்பார். ஊரைக் குறிக்கும் 'பாக்கம்' பங்கைக் குறிக்கும் 'பாகம்' ஆகிவிடும். 'காணி' என்னும் நிலவுரிமைச் சொல்லும் முன் நிற்பதால் அப்பிழைபட்ட பொருள் இயல்பானதாகவும் தோன்றும். நிலப்பத்திரம் ஒன்றில் இவ்வடிவம் இடம்பெற்றால் அது ஊர்ப்பெயரா, நிலப்பகுப்பின் குறிப்பா என்று வினவ இடமுண்டு. திருச்சானூரும் இவ்வாறே ஒற்றிழந்து 'திருசானூரு' என்றாகும். அதில் சகரத்தின் ஒலியே மாறிவிடுகிறது.

எழுத்துக்கு எழுத்து என்னும் நெறி எத்தகைய எதிர்ப்பைச் சந்திக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அண்மைச் சான்று உண்டு. 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியிடப்பட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. கோயம்புத்தூரைப் பொறுத்தவரை தமிழ் எழுத்தின் பகரம் ஆங்கிலத்தில் வல்லொலியாக இடம்பெற்றது; வேலூரின் முதலெழுத்து 'வீ' என்று படிக்கத்தக்க வகையில் அமைந்தது. நோக்கம் தமிழ் ஒலிப்பைக் காப்பது. கையாண்ட வழியோ தமிழ் எழுத்தைப் படியெடுப்பது. இவ்விரண்டும் வேறு என்பதை ஆணையைப் படித்த பொதுமக்களே எடுத்துக்காட்டினர்.

எண்ணிக்கை என்னும் புதிர்

பங்காருபாளையத்தில் எழுத்து எத்தனை? தமிழ் இலக்கணம் அறிந்த சிறுவரும் எட்டு என்று விடை கூறுவர். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகளில் நீளம் கேட்டால் 14 என்று விடை வரும். புள்ளிகளையும் துணையெழுத்துகளையும் அவை தனித்தனியே எண்ணுகின்றன. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அப்பெயர் 42 பைட்டு இடம் பிடிக்கும். எழுத்துக் கொத்துகளை எண்ணும் ஸ்விப்ட் மொழி எட்டு எனத் தமிழ் இலக்கணத்தோடு உடன்படுகிறது. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றின் அளவு 70 குறியெண். இவ்வூர்ப்பெயர் மட்டுமே அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆங்கில எழுத்தில் எழுதினால் 160 இடங்களில் 12 மட்டுமே செலவாகும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடும் பழக்கம் கைபேசிக் காலத்தில் வேரூன்றியதற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.

தமிழ் எழுத்துகள் அனைத்திற்கும் தனிக் குறியெண் தரும் 16 பிட்டு அனைத்தெழுத்துக் குறியீட்டை 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. அம்முறையில் இப்பெயருக்கு எட்டுக் குறியெண்களே வேண்டும். எழுத்தெண்ணுதல், அகரவரிசைப்படுத்தல் ஆகியவற்றில் அது மிக வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பகரம் எங்கு அதிர்வொலி, எங்கு வல்லொலி என்னும் வினாவுக்கு அதுவும் விடை தாராது; எழுத்தில் இல்லாத செய்தியை எந்தக் குறியீடும் தரவியலாது.

தெலுங்கு வடிவத்தின் எண்ணிக்கை இன்னும் சுவையானது. பாள்யம் என முடியும் வடிவத்தில் 12 குறியெண்கள் உள்ளன. எழுத்துக் கொத்துகளோ 2023க்கு முன் ஆறு, அதன்பின் ஐந்து. அவ்வாண்டு வெளிவந்த ஒருங்குறி 15.1ஆம் பதிப்பு, தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் உள்ளிட்ட ஆறு எழுத்துகளின் கூட்டெழுத்தை ஒரே கொத்தாகக் கொள்ளும் விதியைச் சேர்த்தது. அதனால் 'ள்ய' என்பது ஓரெழுத்தாயிற்று. தமிழ் அவ்விதிக்கு உட்படுத்தப்படவில்லை. புள்ளி பெற்ற மெய் தனித்து நிற்கும் எழுத்து என்னும் தொல்காப்பியக் கொள்கையோடு இது பொருந்துகிறது. கணினித் தரம் ஒன்று தமிழின் இயல்பை இவ்வளவு நுட்பமாக வேறுபடுத்தியமை பாராட்டுக்குரியது. தெலுங்குக் கூட்டெழுத்தின் சிக்கலை உலகம் அறிந்தது 2018 பிப்ரவரியில். 'ஜ்ஞா' என்னும் கூட்டெழுத்தின் ஒருவகைக் குறியெண் வரிசை செய்தியாக வந்தவுடன் ஆப்பிள் கைபேசிகளின் செயலிகள் செயலிழந்தன. அம்மாதமே திருத்தப் பதிப்பு வெளியிடப்பட்டது. ஞானத்தைக் குறிக்கும் எழுத்து கருவியை மயக்கமுறச் செய்தது என்று அப்போது நகையாடியவர் பலர்.

ஒரே தோற்றம், வேறு எண்

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீகாளஹஸ்தி, எண்ணிக்கையால் அன்றி ஒப்புமையால் சிக்கல் தருகிறது. 'ஸ்ரீ' என்பதை ஸகர மெய்யும் ரீகாரமும் கொண்டு அமைக்கலாம். 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் 2998ஆம் இடத்தில் சேர்க்கப்பட்ட ஶகரத்தின் மெய்யைக் கொண்டும் அமைக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம் தரும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒன்றைத் தட்டச்சிட்டுத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போகலாம். தெலுங்கு ஆவணத்திலிருந்து கணக்கால் மாற்றப்பட்ட பெயரில் ஶகரம் இருக்கும். தமிழ் விசைப்பலகையில் தட்டச்சிட்டதில் பெரும்பாலும் ஸகரம் இருக்கும். மேற்குறித்த நிரலகமோ தமிழுக்கு மாற்றுகையில் ஶகரத்தை ஷகரமாக்கிவிடும்; அப்போது மூன்றாவதாக 'ஷ்ரீ' தோன்றும். திருக்காளத்தி என்னும் பழம்பெயரை எழுதுவோர்க்கு இத்தொல்லை இல்லை என்பதை இடையே குறிப்பிடலாம்.

சிறப்பு ழகரத்தின் நிலை இதற்கு எதிரிடையானது. தமிழ் ழகரம் 2996. 128 கூட்டினால் 3124. 2014 வரை தெலுங்கில் அது வெற்றிடம். அவ்வாண்டு 7.0ஆம் பதிப்பில், பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் காணப்படும் ழகரத்துக்கு நிகரான எழுத்து அவ்விடத்தில் சேர்க்கப்பட்டது. தமிழின் ஏழும் கோழியும் தெலுங்கில் டகரம் பெற்று ஏடு, கோடி என வழங்குவதற்கு முன்பிருந்த ஒலியை அது காட்டுகிறது. மொழி வரலாற்றாய்வுக்கு இது நற்செய்தி. ஆனால் பழனியை இன்று கணக்கால் தெலுங்காக்கினால், தெலுங்கு மக்கள் படித்தறியாத கல்வெட்டெழுத்து ஒன்று பெயரின் நடுவில் வந்து நிற்கும். அவர்கள் எழுதுவது ளகரம்.

பெயர்ப்பட்டியலின் தேவை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஏஐ4பாரத் குழுவினர் 2021இல் வெளியிட்ட இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்புப் பொறி, பயிற்சிக்கு முன் இந்திய மொழிப் பாடங்களைத் தேவநாகரிக்கு மாற்றிக்கொண்டது. மொழிகளுக்குப் பொதுவான சொற்கள் ஒரே வடிவில் தோன்றினால் பொறி விரைவில் கற்கும் என்பது அதன் அடிப்படை. வடசொற்களைப் பொறுத்தவரை இது பெரிதும் பலன் தரத்தக்கது. எல்லைப்புறப் பெயர்களிலோ தமிழ்ப் பங்காரு வல்லொலிப் பகரத்தோடும் தெலுங்குப் பங்காரு அதிர்வொலிப் பகரத்தோடும் சென்று சேர்வதால், ஒரே சொல் பொறியின் முன் இரு சொற்களாக நிற்கிறது. பொதுவடிவம் தேடிச் செய்த மாற்றம் பொதுமையைப் புலப்படுத்தாமல் விடும் இடம் இது. போதிய சான்றுகள் பயிற்சித் தொகுப்பில் இருப்பின் பொறி இரண்டையும் இணைத்துக் கற்றுக்கொள்ளும். சிற்றூர்ப் பெயர்களுக்கு அத்தகைய சான்றுகள் மிகுதியாகக் கிடைப்பது அரிது.

எனவே எழுத்துப்பெயர்ப்பு நிரலைச் செம்மைப்படுத்துவதைக் காட்டிலும், ஊர்ப்பெயர்களை இரு மொழியிலும் சரிபார்த்துப் பதியும் பட்டியல் ஒன்றே எல்லை மாவட்டங்களுக்கு உடனடித் தேவையாகும். அதில் தமிழ் வடிவமும் தெலுங்கு வடிவமும் ஒன்றிலிருந்து மற்றொன்று கணிக்கப்படாமல், அவ்வம்மொழி வழக்கிலிருந்து தனித்தனியே பெறப்படுதல் வேண்டும். சொற்பிரிப்பும் ஒவ்வொரு சொல்லின் மூலமொழியும் உடன் குறிக்கப்பட்டால், கால்டுவெல் விதியைத் தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் பொருத்துமாறு நிரலுக்கு ஆணையிடலாம். பங்காருபாளையத்துக்கு அப்பதிவு மிகச் சிறியது: பங்காரு, தெலுங்கு, முதற் பகரமும் ககரமும் அதிர்வொலி, பாளையம், இரு மொழிக்கும் பொது, பகரம் வல்லொலி, தெலுங்கு வடிவம் பாள்யம் அல்லது பாளெம், தமிழில் ஒற்று மிகாது.